வேலை, வீடு, நடுவில் மெனோபாஸ்: 45 வயதைத் தொடும் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழி மாதம், பள்ளியில் முதல் பீரியட். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தேன். மார்பிலிருந்து கழுத்துக்கும் அங்கிருந்து முகத்துக்கும் குப்பென்று ஓர் அனல் ஏறியது. இரண்டு மூன்று நிமிடத்தில் ஜாக்கெட்டின் முதுகு முழுக்க நனைந்துவிட்டது. பிள்ளைகள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்க, நான் ஃபேனைப் போடச் சொன்னேன். அப்போது எனக்கு வயது 46. மகள் பிளஸ் டூ. மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில். பிரஷர்தான் ஏறியிருக்கிறது என்று நினைத்து ஏழு மாதம் ஓட்டினேன்.

இத்தனைக்கும் நான் அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்புக்கு வருடா வருடம் ஹார்மோன் பாடம் நடத்துகிறவள். பெண்களுக்குரிய ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் எங்கே சுரக்கிறது என்று ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்பேன். அது என் உடம்பில் குறையத் தொடங்கியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "எனக்கெல்லாம் அப்படி ஒண்ணும் இல்லடி. தானா நின்னுச்சு" என்றார்.

அந்த ஏழு மாதத்துக்குள் வீட்டில் எனக்கு "எரிஞ்சு விழுறவ" என்று பெயர் வந்துவிட்டது. உடம்புக்குள் நடப்பது யார் கண்ணுக்கும் தெரியாது, கோபம் மட்டும்தான் தெரியும். அதனால் நடப்பதைக் கணக்கெடுத்து, அதற்குரிய பெயரை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் அதிலிருந்து வருபவைதான்.

படி 1: இது எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ். பதினோரு மாதம் வராமல் இருந்து பன்னிரண்டாம் மாதம் வந்துவிட்டால் எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. மேற்கு நாடுகளில் சராசரி 51. ஆங்கிலப் பத்திரிகைகளில் "ஐம்பதுக்கு மேல்" என்று படித்துவிட்டு, நமக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்வது இதனால்தான்.

பாடாய்ப் படுத்துவது பெரும்பாலும் அதற்கு முந்தைய காலம். நான்கிலிருந்து எட்டு ஆண்டுவரை இழுக்கலாம். அப்போது சினைப்பைகள் ஒரு மாதம் ஈஸ்ட்ரோஜனை அதிகமாகச் சுரக்கும், மறுமாதம் மிகக் குறைவாகச் சுரக்கும். மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் பகுதி இந்த ஏற்ற இறக்கத்தில் தடுமாறி, கொஞ்சம் சூடு கூடினாலே "உடம்பு கொதிக்கிறது" என்று முடிவெடுத்து ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்ட வைக்கிறது. குப்பென்று வரும் அனல் இதுதான்.

வியர்வை எல்லாருக்கும் தெரியும். இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றாத வேறு சில தொல்லைகளும் உண்டு: காரணமில்லாத படபடப்பு, கையைத் தூக்க முடியாத தோள்பட்டை இறுக்கம், காலையில் விரல் மூட்டு வலி, தோல் அரிப்பு, கண் வறட்சி, அடிக்கடி சிறுநீர் கடுப்பு, வாய்வரை வந்த வார்த்தை மறந்துபோவது. ஒருநாள் வகுப்பில் "பச்சையம்" என்ற சொல் எனக்கு வரவில்லை. இருபத்திரண்டு வருடம் சொன்ன சொல். முன்வரிசைப் பெண் எடுத்துக் கொடுத்தாள். அன்று இரவு, எனக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று அழுதேன். இந்த மறதி பெரும்பாலும் இந்தக் காலத்தோடு வந்து மெல்லக் குறைவது என்று பிறகுதான் தெரிந்தது.

40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோனால் "சீக்கிரமே விட்டது தொல்லை" என்று இருந்துவிடாதீர்கள். எலும்புக்கும் இதயத்துக்கும் கிடைக்க வேண்டிய பாதுகாப்பு பல வருடம் முன்னதாகவே போய்விடுகிறது. கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 40க்கும் 45க்கும் இடையில் நின்றாலும் பார்ப்பதே நல்லது.

படி 2: ஒரு நோட்டு, எட்டு வாரம்

பழைய டைரி போதும். தினமும் படுக்கும்முன் ஐந்து விஷயங்கள்: மாதவிடாய் வந்ததா, எத்தனை நாப்கின் ஆனது; அனல் எத்தனை முறை, எங்கே இருக்கும்போது; இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், எத்தனை முறை விழிப்பு; மனநிலை எப்படி; வேறு வலி, கடுப்பு ஏதேனும் உண்டா. இரண்டு நிமிட வேலைதான். மாதவிடாய் தேதியை மட்டும் காலண்டரிலும் வட்டமிட்டு வையுங்கள்.

ஆறாவது வாரம் நான் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். மகளோடு பெரிய சண்டை வந்த நாள் நான்கு. நான்குக்கும் முந்தைய இரவில் மூன்று மணி நேரம்தான் தூங்கியிருக்கிறேன். அனல் அதிகம் வந்த இடம் பள்ளிக்கூடம் என்று நினைத்திருந்தேன். நோட்டில் இருந்ததோ காலை ஆறரையிலிருந்து ஏழரை, அடுப்படி: ஒரு பக்கம் இட்லிப் பானை ஆவி, மறுபக்கம் குக்கர், ஜன்னல் இல்லாத சுவர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் காபி குடித்த நாட்களில் நடுஇரவு வியர்வை கூடுதல். இவற்றில் எதையும் யோசித்தே கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

இன்னொரு பயனும் உண்டு. மருத்துவரிடம் "உடம்பு சரியில்ல டாக்டர்" என்று தொடங்கினால் சத்து மாத்திரை எழுதித் தருவார். "ஆறு வாரமாக வாரத்தில் ஐந்து இரவு வியர்வையில் விழிக்கிறேன், ஒரு நாளைக்கு எட்டு முறை அனல் வருகிறது" என்று சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

படி 3: மருத்துவரைப் பார்க்கும்போது

நான் முதலில் போன இடத்தில் "இந்த வயசுல இப்படித்தாம்மா, போகப் போகச் சரியாயிடும்" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். வருத்தத்தோடு திரும்பி, மேலும் நான்கு மாதம் சும்மா இருந்தேன். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். வேறொரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது.

45 வயதுக்கு மேல் இருந்து இந்த அறிகுறிகளும் இருந்தால், மெனோபாஸை உறுதிசெய்ய ஹார்மோன் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. அந்த அளவு வாரத்துக்கு வாரம் மாறும். ஆனால் வேறு சில பரிசோதனைகள் அவசியம். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே சோர்வையும் படபடப்பையும் மறதியையும் தரும், அவற்றுக்கு எளிய மருந்து உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. ஆகவே ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஐந்தையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரையும் பிரஷரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். போகிற போக்கில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனையையும் முடித்துவிடலாம், 30 வயது முதல் அங்கே இலவசம்.

பெரும்போக்கு, அதாவது மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, இந்தக் காலத்தில் பலருக்கும் வரும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது, பெரிய கட்டிகளாகப் போவது, ஏழு நாளுக்கு மேல் நீள்வது, 21 நாளுக்குள் மறுபடி வருவது இவையெல்லாம் "நிக்கப் போகுது, அதான் கொட்டுது" என்று விட்டுவிடக் கூடியவை அல்ல. ஸ்கேன் எடுத்துக் காரணம் பார்க்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்போக்கு என்று போனதும் "குழந்தை பெத்தாச்சு, இனி எதுக்கு, கர்ப்பப்பைய எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் அன்றே ஒப்புக்கொள்ளாதீர்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்கு இளம் வயதிலேயே கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்தது 2019இல் வெளியே தெரிந்தது. மாதவிடாய் நாளில் வேலைக்கு விடுப்பு எடுத்தால் கூலி போகும், அபராதம் வேறு என்பது அதன் பின்னால் இருந்த கொடுமை. தேவையற்ற அகற்றலைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வெளியிடும் சாதனம் (coil) என்று அறுவைக்கு முந்தைய வழிகள் இருக்கின்றன. "இவற்றை முயன்று பார்க்கலாமா? அறுவைதான் என்றால் சினைப்பையையும் எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி முக்கியம். சினைப்பைகளையும் எடுத்தால் மெனோபாஸ் ஒரே நாளில் வந்துவிடும், அதுவும் கடுமையாக. 45 வயதுக்குள் அப்படி எடுத்தவர்கள் ஹார்மோன் மருந்து பற்றி மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும்.

படி 4: மருந்து எடுப்பதா வேண்டாமா

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை ஈடுகட்டத் தரும் ஹார்மோன் மாத்திரை என்றதும் நம் ஊரில் அடுத்த சொல் "கேன்சர்". இந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு: 2002. அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வின் ஒரு பகுதி, மார்பகப் புற்று கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. கூடியது எவ்வளவு? ஒரு வருடத்தில் 10,000 பேருக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் அதிகம். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. பிற்காலத்தில் அதே தரவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்குகிற, கடுமையான தொல்லை உள்ள, மற்றபடி ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்று தெரிந்தது. அனலுக்கு இதைவிட நன்றாகக் கேட்கும் மருந்து இல்லை. எலும்பையும் காக்கும்.

எல்லாருக்கும் ஆகாது. மார்பகப் புற்று வந்தவர்கள், காலின் ரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் பொதுவாக எடுக்கக் கூடாது. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது, புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர வேண்டும். தோழி சாப்பிடுகிறாள் என்று மருந்துக் கடையில் வாங்கி விழுங்குகிற மாத்திரை அல்ல இது. தோலில் பூசும் ஜெல்லில் ரத்தம் உறையும் அபாயம் மாத்திரையைவிடக் குறைவு என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஹார்மோன் ஆகாதவர்களுக்கு மனச்சோர்வு மருந்துகளில் சிலவற்றைக் குறைந்த அளவில் தருவார்கள். "எனக்கென்ன பைத்தியமா" என்று சீட்டைக் கிழிக்க வேண்டாம், அதே மருந்து அனலையும் குறைக்கும். மனநல ஆலோசகரோடு சில வாரம் செய்யும் சிந்தனைப் பயிற்சிக்கும் தூக்கத்திலும் அனலிலும் பலன் இருப்பது நிரூபணமானது.

பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்க் கடுப்பு இவற்றுக்கு அங்கே மட்டும் பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உண்டு. உடம்பு முழுக்கப் பரவுவது மிகக் குறைவு. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு வருடக்கணக்கில் எரிச்சலோடு வேலைக்குப் போய்வருகிற எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சொல்லுங்கள். டாக்டருக்கு இது தினம் கேட்கிற விஷயம்.

படி 5: இரவை மீட்பது

சாயங்காலக் காபியை நாலு மணிக்குள் முடித்தேன். தலைமாட்டில் ஒரு பருத்தித் துண்டு, ஒரு சொம்புத் தண்ணீர், மாற்று நைட்டி. நனைந்தால் எழுந்து விளக்குப் போட்டு பீரோவைத் திறக்காமல், இருட்டிலேயே மாற்றிக்கொண்டு படுத்துவிடலாம், தூக்கம் கலைவது பாதியாகக் குறைந்தது. ஃபேன் என் பக்கம், போர்வை அவர் பக்கம். மூன்று மணிக்கு விழித்தால் போனைத் தொடுவதில்லை. கண்டிப்பாக இருக்க வேண்டிய விதி இது ஒன்றுதான்.

படி 6: வேலை செய்யும் இடம்

யாரிடம், எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு. எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. நான் தலைமையாசிரியையிடம் மட்டும் சொன்னேன்: "மேடம், எனக்கு மெனோபாஸ் நேரம். ராத்திரி தூக்கம் சரியா இல்ல. டைம்டேபிள்ல முதல் பீரியட மட்டும் மாத்திக் கொடுத்தா போதும்." ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் மூணு வருஷம் இருந்துச்சு, யார்கிட்டயும் சொல்லல" என்றார். மறுநாளே மாற்றிக் கொடுத்தார். கேட்கும்போது ஒரே ஒரு மாற்றத்தை, தெளிவாக, இத்தனை மாதத்துக்கு என்று கேட்பது நல்லது. பரிதாபமாகக் கேட்டால் கேள்வி வரும், ஏற்பாடாகக் கேட்டால் பதில் வரும் என்பது என் அனுபவம். மேலே இருப்பவர் ஆணாக இருந்தால் "மருத்துவக் காரணம், சிகிச்சையில் இருக்கிறேன்" என்று சொன்னாலும் போதும்.

என்னை விடக் கடினமான இடங்களில் இருப்பவர்கள் உண்டு. ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் என் பெரியப்பா மகள், சேலை மடிக்கும்போது அனல் வந்தால் ட்ரையல் ரூம் பக்கம் ஒதுங்குவாளாம். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். அவளுக்கு அது தெரியாது. நாலு பேராகச் சேர்ந்து கேட்டபிறகு ஸ்டூல் வந்தது. மில்லிலும் பின்னலாடை கம்பெனியிலும் இருப்பவர்களுக்குத் தண்ணீரும் கழிவறையும்தான் முதல் கவலை. கழிவறை சரியில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது கடுப்பையும் தலைவலியையும் கூட்டும். நைட் ஷிஃப்ட் நர்ஸ்கள் முடிந்தவரை தொடர்ச்சியாக ஒரே ஷிஃப்ட் கேட்டுப் பாருங்கள், நாளுக்கு நாள் மாறும் ஷிஃப்ட்தான் தூக்கத்தை அதிகம் கெடுக்கும்.

கைப்பையில் எப்போதும்: இரண்டு நாப்கின், மாற்று உள்ளாடை, ஒரு கைக்குட்டை, தண்ணீர் பாட்டில். பாலியஸ்டர் சேலையையும் லைனிங் வைத்த ஜாக்கெட்டையும் ஒதுக்கிவிட்டு மெல்லிய பருத்திக்கு மாறினேன். மறதிக்கு, பாடக் குறிப்பின் ஓரத்தில் முக்கியச் சொற்களை எழுதி வைத்தேன். அனல் வரும்போது மூக்கால் மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விட்டால், அது நிற்காவிட்டாலும் படபடப்பு அடங்குகிறது.

படி 7: வீட்டில் சொல்வது

இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. மகள் பெரியவளானபோது மண்டபம் பிடித்து, பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் வைத்து ஊருக்கே சொன்னோம். அது நிற்கும்போது கட்டின கணவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்த பிறகு, நோட்டை எடுத்து வைத்துச் சொன்னேன். "என்னங்க, எனக்குப் பீரியட்ஸ் நிக்கப் போற நேரம். இன்னும் ரெண்டு மூணு வருஷம் இப்படி இருக்கலாம். நான் கத்துற நாளெல்லாம் நீங்க பண்ண தப்பால இல்ல. ஆனா ராத்திரி தூங்காத நாள்ல காலைல அடுப்படியில என்னால நிக்க முடியாது." அவர் நோட்டைப் புரட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"உதவி பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. வேலையைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள். எங்கள் வீட்டில் காலைச் சட்னியும் பாத்திரமும் அவருக்கு, மாமியாரின் மாத்திரையும் இரவு டயப்பரும் நானும் நாத்தனாரும் வாரம் மாற்றி, துணி மகனுக்கு. மகனிடமும் சொல்லுங்கள். பதினைந்து வயதில் அம்மாவுக்கு நடப்பதைப் புரிந்துகொண்டவன் நாளை மனைவிக்கு நடப்பதையும் புரிந்துகொள்வான். மகளிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா?" பரீட்சைக் காலத்தில் அம்மாவுக்குத் தன்மேல் வெறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

தாம்பத்தியத்தில் வலி இருந்தால் கணவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், விலகிப் போவதை அவர் வேறுவிதமாக எடுத்துக்கொள்ளக் கூடும். நீர் அடிப்படையிலான உயவு ஜெல் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். கருத்தடையை உடனே விட்டுவிட வேண்டாம்: 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு ஆண்டும், 50க்கு மேல் என்றால் ஓராண்டும் தொடர வேண்டும்.

எதிலும் பிடிப்பே இல்லாமல், அழுகை நிற்காமல், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் அதை ஹார்மோன் என்று ஒதுக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

படி 8: எலும்பும் சதையும்

என் மாமியார் குளியலறையில் லேசாகத்தான் வழுக்கினார். இடுப்பு முறிந்துவிட்டது. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது, முறிவது இருபது வருடம் கழித்து.

ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300க்கு மேல், ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ 240, ஒரு மேசைக்கரண்டி எள்ளில் 80, 90. முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. தாளிக்க எண்ணெய் காயும் நேரத்தில் எள்ளுப் பொடி அரைத்து வைத்துவிடலாம். புரதம் பலருக்கும் குறைவு, எல்லாருக்கும் முட்டை வைத்துவிட்டு குழம்பு மட்டும் ஊற்றிக்கொள்ளும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

நடைப்பயிற்சி நல்லது, ஆனால் போதாது. வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி வேண்டும். ஜிம் தேவையில்லை: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இரண்டு தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. தும்மினால் சிறுநீர் கசிபவர்கள், சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கி ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து, நாளுக்கு மூன்று தடவை. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம், மூன்று மாதத்தில் பலன் தெரியும்.

படி 9: காத்திருக்கக் கூடாதவை

வியர்வையோடு நெஞ்சு இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, மூச்சு வாங்குவது சேர்ந்தால் அது மெனோபாஸ் என்று படுத்துக்கொள்ளாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் மாரடைப்பு அபாயம் கூடுகிறது.

மார்பில் கட்டி, காம்பில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது ஆகியவற்றுக்கும் உடனே போக வேண்டும்.

அடுத்தது ரத்தம். 12 மாதம் நின்றபின் ஒரு சொட்டுக் கசிந்தாலும், அது இளஞ்சிவப்பாக இருந்தாலும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வறட்சியாலோ சிறு சதை வளர்ச்சியாலோ இருக்கும். சிலருக்குக் கர்ப்பப்பை உள்வரிப் புற்றின் முதல் அடையாளம் அதுதான், ஆரம்பத்தில் பார்த்தால் குணமாக்கலாம்.

"எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லடி" என்று சொன்ன என் அம்மாவுக்கு 71 வயதில் அப்படி வந்தது. ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பழைய சேலையைக் கிழித்து வைத்துக்கொண்டு, விடியும் முன்பே தானே துவைத்துக் காய வைத்திருக்கிறார். கொடியில் அந்தத் துணியைப் பார்த்துவிட்டு என் மகள்தான் கேட்டாள். ஸ்கேன், திசுப் பரிசோதனை, அறுவை சிகிச்சை என்று ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்தது. ஆரம்ப நிலைதான். இப்போது நன்றாக இருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து, "ஏம்மா சொல்லல" என்றேன். "உன்கிட்ட எப்படிடி சொல்றது? நீ அப்பத்தான் வேலைலேர்ந்து வந்து படுத்திருந்த" என்றார். பிறகு அவராகவே, தனக்கும் அந்தக் காலத்தில் நாலு வருடம் இரவெல்லாம் வியர்த்ததையும், கொல்லைப்புறக் கல்லில் போய் உட்கார்ந்து விடிய வைத்ததையும் சொன்னார்.

இந்த வாரம் உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் கேட்டுவிடுங்கள்: நின்ற பிறகு எப்போதாவது கறை பட்டதா என்று.